டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும் அந்த ஒரு வரி

பட்டாளத்திலிருந்து வந்தவரை ஊரில் எல்லாரும் ஒரே பெயரில்தான் கூப்பிடுவார்கள், மிலிட்டரிக்காரர். பதினேழு வருஷம் முடித்துப் பென்ஷனோடு வந்தவரும், உடம்புக்கு முடியாமல் மெடிக்கல் போர்டு அனுப்பி வைத்தவரும், அப்பா போனதும் நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவரும், தண்டனை வாங்கி வெளியே அனுப்பப்பட்டவரும் டீக்கடையில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் இந்த நாலு பேரும் நாலு வெவ்வேறு ஆட்கள். ஒருவருக்கு மாதா மாதம் பென்ஷன், ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் வைத்தியம், அரசு வேலையில் இட ஒதுக்கீடு, இன்னும் என்னென்னவோ. இன்னொருவருக்கு அதில் ஒன்றுகூட இல்லை. இந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும், பட்டாளத்தை விட்டு வரும்போது கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் "வெளியேறிய காரணம்" என்ற இடத்தில் எழுதியிருக்கும் ஒரே ஒரு வரி.

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். யூனிட் ஆபீஸில் என் வேலையே இந்தக் காகிதங்கள்தான். எங்கள் வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு, அதனால் ஓய்வு பெற்று வந்த பிறகும் யாராவது ஒருவர் மஞ்சள் பையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு வந்து "அண்ணே, இதில் என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று நிற்பார். பாதிப் பேர் வருவது எல்லாம் கை மீறிப் போன பிறகுதான். வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில், ரயில் டிக்கெட் பையில் இருக்கும்போது, நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்த வரியைப் படித்துப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. டிஸ்மிஸ் வேறு, டிஸ்சார்ஜ் வேறு. ஊரில் இரண்டையும் கலந்து பேசுவார்கள், "அவனை மிலிட்டரியில் டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களாம்" என்று ஏதோ குற்றம் செய்தவனைப் போலச் சொல்வார்கள். 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு டிஸ்மிஸ், அதாவது பதவி நீக்கம் பற்றியது. கோர்ட் மார்ஷல் தண்டனையாகவும் டிஸ்மிஸ் வரலாம். 22-ஆவது பிரிவும் 1954 ராணுவ விதிகளின் 13-ஆவது விதியும் டிஸ்சார்ஜ், அதாவது பணியிலிருந்து விடுவிப்பது பற்றியவை. அந்த 13-ஆவது விதியில் ஒரு அட்டவணை இருக்கிறது. சேர்ந்தபோது ஒப்புக்கொண்ட காலத்தை முடித்து வருவது, மருத்துவக் காரணத்தால் வருவது, காலம் முடியும் முன் சொந்த வேண்டுகோளில் வருவது, இவை எதிலும் சேராமல் "மற்ற வகை" என்று வருவது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக அதில் உண்டு. மானமாக முடித்து வந்தவரும் சட்டப்படி டிஸ்சார்ஜ் ஆனவர்தான். எந்த வகை டிஸ்சார்ஜ் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு பலருக்குத் தெரியாது. வெளியே வரும் ஒவ்வொரு ஜவானுக்கும் அவருடைய கமாண்டிங் ஆபீசர் ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதில் எந்த அதிகாரியின் உத்தரவால் சர்வீஸ் முடிந்தது, என்ன காரணத்தால் முடிந்தது, மொத்தம் எவ்வளவு காலம் வேலை பார்த்தார் என்ற மூன்றும் இருக்க வேண்டும், அதுவும் அவருடைய தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும். ஆக, தமிழில் கொடுங்கள் என்று கேட்பது சட்டம் கொடுத்த உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள். குறைந்தபட்சம் அந்தக் "காரணம்" என்ற வரியை யாரிடமாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, இப்போது எனக்கு மிகவும் வயிற்றெரிச்சலைக் கொடுக்கும் வகைக்கு வருகிறேன். தண்டனை வாங்கி வந்தவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அதற்கு வழக்கு, தீர்ப்பு எல்லாம் இருக்கிறது. எந்தக் கறுப்புப் புள்ளியும் இல்லாமல், நல்ல பெயரோடு, "சொந்த வேண்டுகோளின் பேரில்" பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதிகம் நஷ்டப்படுகிறவர்களில் இவர்களும் உண்டு.

ஜவானுக்குச் சர்வீஸ் பென்ஷன் வேண்டும் என்றால் குறைந்தது 15 வருஷம் கணக்கில் ஏறிய சேவை வேண்டும், ஆபீசருக்கு 20. பதினைந்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் கிராஜுட்டி, பி.எஃப். பணம், குரூப் இன்ஷூரன்ஸ் பணம் என்று ஒரு தொகை கைக்கு வரும், அவ்வளவுதான், பென்ஷன் கிடையாது. இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால் சட்டப்படி அவர் "முன்னாள் படைவீரர்" என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை என்பது.

ஒரு தம்பி வந்திருந்தான். பதிமூன்று வருஷம் சர்வீஸ், அதில் ஒரு பகுதி காஷ்மீர் எல்லையில். அம்மாவுக்குப் பக்கவாதம், மனைவி கைக்குழந்தையோடு தனியாக. லீவ் மேல் லீவ் கேட்டு அலுத்துப்போய் எழுதிக் கொடுத்துவிட்டான். புத்தகத்தில் நன்னடத்தை "எக்ஸம்ப்ளரி" என்று இருக்கிறது, அதற்கு மேல் ஒரு மதிப்பீடு கிடையாது. மெடல்கள் வரிசையாக எழுதியிருக்கின்றன. ஒரு பொதுத்துறை வங்கியில் காவலர் வேலைக்கு முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் விண்ணப்பித்து, தேர்வெழுதி, ஓட்டம் ஓடி எல்லாவற்றிலும் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரிசையில் போய் நின்றிருக்கிறான். அங்கே உட்கார்ந்திருந்தவர் மெடல் பக்கத்தைத் திருப்பவே இல்லையாம். நேராகக் காரணம் எழுதிய பக்கத்தை எடுத்து, விரலை வைத்து, "ஒப்புக்கொண்ட காலம் முடியும் முன், சொந்த வேண்டுகோளின் பேரில்" என்ற வரியைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த அதிகாரி மேல் தப்பில்லை, விதி அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் என்னிடம் கேட்டது, "அண்ணே, அப்ப நான் யாரு?" என்று. அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

மத்திய அரசின் 1979-ஆம் வருஷத்து மறுவேலை விதிகளும் அதற்கு 2012-இல் வந்த திருத்தமும் முன்னாள் படைவீரர் யார் என்று சொல்கின்றன. பென்ஷன் சம்பாதித்த பிறகு எப்படி வந்தாலும் சரி, சொந்த விருப்பத்தில் வந்தாலும் சரி, அவர் முன்னாள் படைவீரர். ராணுவப் பணியால் ஏற்பட்ட உடல் பாதிப்பில், அல்லது தன் கையில் இல்லாத காரணத்தால், மருத்துவ ரீதியாக விடுவிக்கப்பட்டு ஊனப் பென்ஷன் வாங்குகிறவரும் உண்டு. ஆள் குறைப்பில் அனுப்பப்பட்டவரும் உண்டு. பென்ஷன் இல்லாத மற்றவர்களில், ஒப்புக்கொண்ட காலத்தை முழுதாக முடித்து, கிராஜுட்டி வாங்கிக்கொண்டு வந்தவர் மட்டும்தான் வருவார். அவரும் சொந்த வேண்டுகோளில் வந்திருக்கக் கூடாது, நடத்தைக் கேட்டுக்காகவோ திறமைக் குறைவுக்காகவோ அனுப்பப்பட்டிருக்கக் கூடாது. கவனித்துப் படித்தால் தெரியும், அம்மாவைப் பார்க்க வந்தவனையும் நடத்தை சரியில்லை என்று அனுப்பப்பட்டவனையும் அந்த விதி ஒரே வாக்கியத்தில் சேர்த்து வெளியே நிறுத்துகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை, எத்தனை முறை படித்தாலும் படவில்லை. (இந்த வரையறை பல முறை மாறியிருக்கிறது, பழைய ஆட்களுக்கு அவர்கள் வெளியே வந்த தேதியில் இருந்த வரையறைதான் பொருந்தும். அதனால் எண்பதுகளில் வந்த பெரியவர்கள் இதைப் படித்துவிட்டு நமக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.)

அந்த வரையறைக்குள் இருந்தால் என்ன கிடைக்கிறது என்று பார்த்தால்தான் இழப்பின் அளவு புரியும். மத்திய அரசில் குரூப் சி பதவிகளில் 10 சதவீதம், வங்கிகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் குரூப் சி-யில் 14.5 சதவீதம், கடைநிலைப் பதவிகளில் 24.5 சதவீதம். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 5 சதவீதம். வயதில் சர்வீஸ் செய்த வருஷங்களைக் கழித்து, அதற்கு மேல் மூன்று வருஷம் சலுகை. பத்தாவது முடித்துப் பதினைந்து வருஷம் சர்வீஸ் பார்த்தவரை, பட்டப்படிப்பு கேட்கும் குரூப் சி வேலைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனவன் முப்பத்தி மூன்று வயதில் கல்லூரிச் சான்றிதழுக்கு எங்கே போவான்? அவனுக்கு அதுதான் பிடிமானம். பதிமூன்று வருஷத்தில் வந்த நம் தம்பிக்கு இதில் எதுவும் பொருந்தாது. முப்பத்தி இரண்டு வயதில், பொதுப் பிரிவில், நேற்று கல்லூரி முடித்த பையன்களோடு அவன் போட்டி போட வேண்டும்.

பதினைந்து வருஷக் கணக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சேர்ந்த தேதியிலிருந்து நாள்காட்டியைப் பார்த்து எண்ணுவார்கள், அது தப்பு. லீவ் முடிந்தும் திரும்பாமல் இருந்த நாட்கள், சிறையில் அல்லது டிடென்ஷனில் இருந்த நாட்கள், இவை முறைப்படுத்தப்படாவிட்டால் பென்ஷன் கணக்கில் ஏறாது. தங்கை கல்யாணத்துக்கு வந்து இருபது நாள் கூடுதலாகத் தங்கியவன் அந்த இருபது நாளைக் கடைசியில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். "பதினைந்து வருஷம் முடிஞ்சிருச்சு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, சில வாரங்கள் குறைகிறது என்று பென்ஷன் மறுக்கப்பட்டால் அதைவிடக் கொடுமை கிடையாது. யூனிட் ஆபீஸில் கிளார்க்கைப் பிடித்து, கணக்கில் ஏறாத நாட்கள் எத்தனை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். குறையும் காலத்தை மன்னித்துக் கூட்டிக் கொடுக்கும் அதிகாரம் ஒரு வருஷம் வரை உண்டு. சொந்த வேண்டுகோளில் வந்தவர்களுக்கு அது கிடையாது என்று விதி சொன்னாலும் ராணுவத் தீர்ப்பாயங்கள் சில வழக்குகளில் கொடுத்திருக்கின்றன. அதனால் பதினாலு வருஷத்துக்கு மேல் வைத்திருக்கும் யாரும் கேட்காமல் விடக் கூடாது.

அடுத்தது ரெட் இங்க். பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே ஒரு நடுக்கம் வரும். கடுமையான தண்டனை வாங்கினால் சர்வீஸ் ரெக்கார்டில் சிவப்பு மையில் ஏறும், சின்னத் தண்டனை கறுப்பு மையில். சிவப்பு நாலு சேர்ந்தால் "விரும்பத்தகாத சிப்பாய்" என்று சொல்லி, 13-ஆவது விதியின் "மற்ற வகை" என்ற கட்டத்தில் வைத்து வீட்டுக்கு அனுப்புவது நெடுநாள் வழக்கம். நாலு என்ற எண்ணிக்கை சேர்ந்துவிட்டால் அது தானாக நடக்கும் என்பது போலத்தான் கீழ்மட்டத்தில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2015 அக்டோபரில் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துத் தெளிவாகச் சொன்னது. நாலு சிவப்புப் பதிவு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அனுப்ப முடியாது, விசாரணை நடத்த வேண்டும், என்ன மாதிரிக் குற்றங்கள், எவ்வளவு நாள் சர்வீஸ், எந்த மாதிரிக் கஷ்டமான இடங்களில் வேலை பார்த்திருக்கிறார், பென்ஷனுக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறார் என்பதை எல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றது. 1988 டிசம்பரில் ராணுவத் தலைமையகமே போட்ட உத்தரவில் இருந்த நடைமுறையைத்தான் நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. அந்த மனுதாரருக்குப் பென்ஷன் வாங்கத் தகுதியான காலம் வரை சர்வீஸில் இருந்ததாகக் கணக்கிடச் சொன்னது, இடைப்பட்ட காலச் சம்பளம் கொடுக்கவில்லை. பென்ஷன் கிடைத்தால் போதும், சம்பளம் போனால் போகட்டும் என்றுதான் இந்த நிலையில் இருக்கும் எந்தக் குடும்பமும் சொல்லும்.

இதை வைத்துக்கொண்டு எல்லா வழக்கும் ஜெயிக்கும் என்று நினைக்க வேண்டாம். திரும்பத் திரும்பச் சொல்லாமல் ஓடிப்போனவர்களின் வழக்குகள் தோற்றும் இருக்கின்றன. ஆனால் என் அனுபவத்தில் சிவப்புப் பதிவுகளில் நிறைய லீவ் சம்பந்தப்பட்டவை. வீட்டில் ஒரு சாவு, ஒரு பிரசவம், ஒரு நிலத் தகராறு, திரும்பிப் போகத் தாமதம். ஒழுங்கு வேண்டும்தான், பட்டாளம் ஒழுங்கில்தான் நிற்கிறது, அதை மறுக்கிறவன் நான் இல்லை. ஆனால் குடித்துவிட்டு மேலதிகாரியை அடித்தவனுக்கும் அப்பா காரியத்துக்கு இருந்துவிட்டு வந்தவனுக்கும் மையின் நிறம் ஒன்றாக இருக்கிறது. அந்தத் தாமதத்துக்கான ஆதாரத்தை, ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்றிதழ், வி.ஏ.ஓ. எழுதிக் கொடுத்த காகிதம் என்று எதுவாக இருந்தாலும், பெட்டியில் பத்திரமாக வையுங்கள். பத்து வருஷம் கழித்து விசாரணை வந்தால் அதுதான் பேசும்.

டிஸ்மிஸ் என்பது எல்லாவற்றிலும் கடைசி. ராணுவப் பென்ஷன் விதிகளின்படி டிஸ்மிஸ் ஆனவருக்கு அதற்கு முன் செய்த சர்வீஸ் எதற்கும் பென்ஷனோ கிராஜுட்டியோ கிடையாது. இருபது வருஷம் உழைத்திருந்தாலும் அப்படித்தான். விதிவிலக்காகக் குடியரசுத் தலைவர் நினைத்தால் கொடுக்கலாம் என்று ஒரு வழி அதே விதியில் இருக்கிறது, மனு போடலாம். தண்டனை அவருக்கு, ஆனால் அதைச் சுமப்பது அவர் மனைவி. அவருக்குப் பென்ஷன் இல்லை என்றால் அவருக்குப் பிறகு அந்த அம்மாவுக்கும் இல்லை.

வேலை விஷயத்தில் டிஸ்மிஸ் இன்னும் தூரம் துரத்தும். ராணுவத்திலிருந்து வந்தால் எதுவும் இல்லாவிட்டாலும் செக்யூரிட்டி வேலையாவது கிடைக்கும் என்று சொல்வார்கள் இல்லையா, அதுகூட இல்லை. 2005-ஆம் வருஷத்துத் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, முப்படைகளில் நடத்தைக் கேட்டுக்காக டிஸ்மிஸ் செய்யப்பட்டவரையோ நீக்கப்பட்டவரையோ காவலாளியாகவோ சூப்பர்வைசராகவோ வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. அதே பிரிவுதான் ராணுவத்தில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரும் வேலைக்குக்கூட அந்த ஒரு வரியைப் பார்க்கிறார்கள். சட்டப்படி நடக்கும் ஏஜென்சிகள் ஒதுக்கிவிடும். மற்றவை எடுத்துக்கொள்ளும், பி.எஃப். இல்லாமல், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில், பாதிச் சம்பளத்தில். அங்கேதான் இவர்கள் போய்ச் சேருகிறார்கள்.

இனி மருத்துவக் காரணம். இதைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுத வேண்டும், இங்கே முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மெடிக்கல் போர்டு உங்கள் நோயைப் பற்றி இரண்டு கேள்விக்குப் பதில் எழுதும். இந்த நோய் ராணுவப் பணியால் வந்ததா? பணியால் அதிகமானதா? இரண்டுக்கும் இல்லை என்று எழுதினால் அதற்குப் பட்டாளத்தில் "நானா" என்று பெயர். நானா என்று எழுதிவிட்டால் ஊனப் பென்ஷன் போயிற்று. வலிப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, மனநோய் இவற்றுக்கு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நானா எழுதிய காலம் ஒன்று இருந்தது. தரம்வீர் சிங் என்ற சிக்னல்ஸ் சிப்பாய் 1985-இல் சேர்ந்தார், ஒன்பது வருஷம் கழித்து 1994-இல் வலிப்பு நோய் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள், பென்ஷன் இல்லை. 2013 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் அவருக்கு நியாயம் சொன்னது. சேரும்போது மருத்துவப் பரிசோதனை செய்து ஆரோக்கியமானவன் என்று நீங்கள்தானே எடுத்தீர்கள், அப்போது எந்த நோயையும் குறித்து வைக்கவில்லை, பிறகு வந்த நோய் பணியால் வந்ததில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, சிப்பாயுடையது அல்ல என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். பத்தொன்பது வருஷம் காத்திருந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறின.

அடுத்த வருஷமே, 2014-இல், இரண்டு தீர்ப்புகள். சுக்விந்தர் சிங் வழக்கில், ஒருவரைச் சர்வீஸை விட்டே அனுப்பும் அளவுக்கு ஒரு குறைபாடு இருந்தால் அது 20 சதவீதத்துக்கு மேல் என்றுதான் கொள்ள வேண்டும் என்றார்கள், ஏனென்றால் 20-க்குக் கீழே என்று எழுதிப் பென்ஷனை மறுப்பது நடந்துகொண்டிருந்தது. ராம் அவதார் வழக்கில், காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஊன சதவீதத்தை உயர்த்திக் கணக்கிடும் சலுகை உண்டு என்றார்கள், அதாவது ஐம்பதுக்குக் கீழே இருந்தால் ஐம்பதாக. 2023 செப்டம்பரில் மத்திய அரசு இந்த விதிகளை மாற்றி எழுதியது, ஆகவே அதற்குப் பிறகு வருகிறவர்கள் புதிய விதியைப் பார்க்க வேண்டும். எந்த விதியானாலும், மெடிக்கல் போர்டு காகிதங்களின் நகலை வாங்காமல் கேட்டைத் தாண்டாதீர்கள். பணியில் அடிபட்டிருந்தால் இஞ்சுரி ரிப்போர்ட் போடப்பட்டதா என்று அப்போதே பாருங்கள். வாலிபால் விளையாடும்போது முட்டி போனதுகூட கணக்கில் வரலாம், அது யூனிட் ஏற்பாடு செய்த விளையாட்டு என்று காகிதத்தில் இருந்தால்.

பெண்களுக்கு நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. ராணுவ நர்சிங் சேவையில் இருந்த செலினா ஜான் கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988-இல் விடுவிக்கப்பட்டார். 1977-இல் போட்ட ஒரு உத்தரவில் கல்யாணமும் வெளியேற்றும் காரணமாக இருந்தது, 1995-இல்தான் அதை எடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது பாலினப் பாகுபாடு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு.

வயதான பெரியவர்களுக்கு ஒன்று. பென்ஷன் இல்லாத, ஹவில்தார் வரை பதவியில் இருந்த, 65 வயது தாண்டிய முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மத்திய அரசின் கேந்திரிய சைனிக் போர்டு (முன்னாள் படைவீரர் நல வாரியம்) வறுமை உதவித்தொகை கொடுக்கிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து 8,000 ஆக்கியிருக்கிறார்கள். மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். இதற்கும் அந்த வரையறைக்குள் இருக்க வேண்டும், இதற்கும் டிஸ்சார்ஜ் புக் வேண்டும். புத்தகம் தொலைந்திருந்தால் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதி நகல் வாங்கலாம். ஆர்மி நம்பரை மட்டும் எங்கேயாவது குறித்து வையுங்கள், அது இருந்தால் மற்றதைத் தேடிவிடலாம்.

உத்தரவு தப்பு என்று நினைத்தால் போக வேண்டிய இடம் ராணுவத் தீர்ப்பாயம். 2007 சட்டத்தால் வந்தது, சென்னையிலும் ஒரு அமர்வு இருக்கிறது, டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. இறுதி உத்தரவு வந்து ஆறு மாசத்துக்குள் போக வேண்டும். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம், பென்ஷன் வழக்குகளில் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் பென்ஷன் மறுக்கப்படுவது தொடரும் இழப்பு. ஆனால் தாமதமாகப் போனால் பழைய பாக்கி பெரும்பாலும் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும், தர்செம் சிங் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு வருஷம் தள்ளிப்போடும்போதும் ஒரு வருஷப் பென்ஷன் கையை விட்டுப் போகிறது என்று அர்த்தம்.

இவ்வளவும் பழைய முறையில் சேர்ந்தவர்களுக்கு. 2022 ஜூனில் அக்னிபத் என்ற புதிய ஆள்சேர்ப்புத் திட்டம் வந்த பிறகு சேரும் பையன்களின் கதை வேறு. நாலு வருஷம், அதில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் தங்கள் சம்பளத்தில் பிடித்ததும் அரசாங்கத்தின் பங்கும் சேர்ந்த சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வீட்டுக்கு வருவார்கள். பென்ஷன் கிடையாது, கிராஜுட்டி கிடையாது, ஈ.சி.எச்.எஸ். கிடையாது, முன்னாள் படைவீரர் அந்தஸ்தும் கிடையாது என்று சேரும்போது கொடுக்கும் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. மத்திய ஆயுதப் படைகளிலும் அசாம் ரைஃபிள்ஸிலும் 10 சதவீத ஒதுக்கீடு என்று உள்துறை 2022-இல் அறிவித்தது. ஆக, ஒரு குறையும் இல்லாமல், காலத்தை முழுதாக முடித்து, நல்ல சான்றிதழோடு வருகிறவனும் இனி அந்த வரையறைக்கு வெளியேதான். பதிமூன்று வருஷத்தில் வந்த தம்பி என்னிடம் கேட்ட கேள்வியை இனி இருபத்தி இரண்டு, இருபத்தி மூன்று வயதுப் பையன்கள் கூட்டமாகக் கேட்பார்கள். முதல் பேட்ச் 2023 ஜனவரி வாக்கில் பயிற்சிக்குப் போனது, நாலு வருஷம் கூட்டிப் பாருங்கள்.

பையனை அனுப்பியிருக்கும் அப்பா அம்மாக்களுக்கு நான் சொல்வது, நடுவில் கோபத்தில் விட்டுவிட்டு வர விடாதீர்கள். தானாக முன்னதாக வந்தால், அதற்கே சிறப்பு அனுமதி வேண்டும், அவன் சம்பளத்தில் பிடித்த பங்கும் அதன் வட்டியும் மட்டும்தான் கிடைக்கும், அரசாங்கத்தின் பங்கு வராது. பயிற்சியில் அடிபட்டால் ஊனத்தின் அளவைப் பொறுத்து 15, 25, 44 லட்சம் என்று நிவாரணம் உண்டு, ஆனால் அதற்கும் பணியால் வந்தது என்று மெடிக்கல் போர்டு எழுத வேண்டும். போனில் பேசும்போது சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, அடிபட்டதற்குக் காகிதம் போட்டார்களா என்றும் கேளுங்கள். இந்தப் பதிவைப் படிக்கும் யாருக்காவது டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும் வரி புரியவில்லை என்றால், பெயரையும் ஆர்மி நம்பரையும் மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பணம் எதுவும் வேண்டாம்.